நூல் கட்டாத புள்ள

பொடியன் ஞாயித்துக்கிழமை வெள்ளனக்கே வந்திட்டான். என்ட மூத்த மகளின்ட மகன். வந்தாறுமூலைக் கம்பஸில படிச்சு முடிச்சு இப்ப ஏதோ ஒரு புறஜெக்ட்டில வேலை. கையில லேப்டொப், கழுத்தில பேர் போட்ட அட்டை. “ஞாயித்துக்கிழமையும் அட்டை எதுக்கடா, கழட்டினா நாய் கடிக்குமா?” எண்டு கேட்டன். சிரிச்சிட்டு, நான் வலை பொத்திக்கொண்டிருந்த வேப்பமரத்துக்குக் கீழ வந்து குந்தினான்.

“அம்மப்பா, உங்கட வாயால ரெண்டு வசனம் வேணும். ரிப்போட்டில போட.”

“என்னெண்டு?”

“எங்கட வேலையால கல்குடாப் புள்ளைகளுக்கு நல்லது நடந்திருக்கு எண்டு. ஊர்ப் பெரியவர் கருத்து.”

ஊர்ப் பெரியவர் எண்டதும் எனக்கு முதுகு நிமிர்ந்திட்டு. கடன் கேட்டு வாறவன் தவிர வேற ஆரும் என்னை அப்படிச் சொன்னதில்ல. என்ன வேலை எண்டு விசாரிச்சன். ராவில திடுக்கிட்டு எழும்புற புள்ள, பள்ளிக்கூடத்தில ஆரோடயும் ஒட்டாத புள்ள, தொட்டதுக்கெல்லாம் அடிபடுற புள்ள, இதுகளைச் சேர்த்து அஞ்சு கிழமை விளையாட்டு, படம் கீறுறது, மூச்சு இழுத்து விடுறது, கதை சொல்லுறது. தொடங்கக்குள்ள ஒரு தாளில கேள்வி கேட்டுப் புள்ளி போடுறாங்க. முடியக்குள்ள திரும்பப் புள்ளி. லேப்டொப்பைத் திறந்து காட்டினான். சிவப்புக் கம்பு ஒண்டு உயரமா, பச்சைக் கம்பு ஒண்டு கட்டையா. சிவப்பு முன்னம், பச்சை பின்னம். பயம் குறைஞ்சிட்டாம்.

“சரி, எழுது மகன்,” எண்டன். “‘நாப்பது வருஷமா இந்த ஊரில நூல் கட்டுற கிழவன் நான். பொடியன்ட வேலை என்ட வேலை மாதிரியே நல்லாப் பலிக்குது.’”

அவன் எழுதத் தொடங்கி நடுவில நிப்பாட்டிட்டான். படிச்ச பொடியன், கெதியா விளங்கிட்டு.

நூல் கட்டுறதெண்டா தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். புள்ள பயந்திட்டு, ராவில அழுகுது, சாப்பாடு இறங்குதில்ல எண்டு தாய் கொண்டு வருவா. கறுத்த நூலை மஞ்சளில தோய்ச்சு, வாயுக்குள்ள ஒண்டைச் சொல்லி, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முடிச்சு, மொத்தம் ஏழு. வலது கையில கட்டி, நெத்தியில திருநீறு பூசி ஊதிவிட்டா முடிஞ்சுது. கூலி கேக்கிறதில்ல. ஒரு தேங்காய், ஒரு பக்கட் சீனி, மீன்பாடு நல்லமெண்டா ரெண்டு மணலை. பத்துப் பதினைஞ்சு நாளில தாய் திரும்ப வருவா. “ஐயா, புள்ள இப்ப நல்லா நித்திரை.” என்டயும் சிவப்புக் கம்பும் பச்சைக் கம்பும் அதுதான். கிண்ணையடியில இருந்து வாகரை வரைக்கும் நான் கட்டின நூலை முடிஞ்சு விட்டா ஒரு கரைவலைக்குக் கயிறு காணும். பலிக்கல்ல எண்டு ஒரு தாயும் வந்து சண்டை பிடிச்சதில்ல.

ஆனா ஒரு நாள் நடந்ததை இவ்வளவு காலமும் ஆருக்கும் சொல்லல்ல. ஒரு தாய் ரெண்டு புள்ளைகளோட வந்தா, ஒண்டுக்கு ஒரு வயசு மூப்பு. ரெண்டும் ஒரே நாய்க்குப் பயந்ததுகள். என்னட்ட நூல் ஒரு கைக்குத்தான் மிச்சம். மூத்ததுக்குக் கட்டி, இளையதை நாளைக்குக் கூட்டி வா எண்டன். மனுசி வரல்ல. ரெண்டு கிழமைக்குப் பிறகு வாழைச்சேனைச் சந்தையில கண்டன். ரெண்டு புள்ளையும் தாயின்ட சீலையைப் பிடிச்சு இழுத்து ஐஸ்பழம் கேக்குதுகள். ரெண்டும் நல்ல சுகம். ஒண்டுக்குக் கையில நூல், மற்றதுக்கு வெறும் கை.

நான் மெள்ள மீன் கடைப் பக்கம் கிறுகிட்டன். தாய் கண்டா, “ஐயா, இளையதுக்கு மறந்திட்டம்” எண்டு வருவா. வந்தா நான் என்ன சொல்லுறது? கடையைத் திறந்து வெச்சிருக்கிறவன் தராசைத் தட்டிப் பாக்க மாட்டான்.

“இப்ப சொல்லு,” எண்டன் பொடியனிட்ட. “உன்ட அஞ்சு கிழமைக்கு வராத புள்ளைகள் இந்த அஞ்சு கிழமையில எப்படி இருந்ததுகள்?”

“அதை அளக்கல்ல, அம்மப்பா.”

“நானும்தான் அளக்கல்ல. வா, ரெண்டு பேரும் ஒரு போர்டு போடுவம்.”

உள்ள இருந்து அவன்ட அம்மம்மா பிளேன்டீ கொண்டு வந்தா. கிழவன் புள்ளையை வதைக்கிறான் எண்டு அவவின்ட பார்வையிலயே எழுதியிருந்துது. வதைக்கல்ல. இவன் எட்டு வயசுப் பொடியனா இருக்கக்குள்ள நடந்ததை இவனே மறந்திட்டான், அதான்.

2004 மார்கழி 26. கடல் கல்குடாவிலயும் பாசிக்குடாவிலயும் ஏறி இறங்கினது ஒரு காலமைக்குள்ள. அதுக்குப் பிறகு ஜீப் ஏறி இறங்கினது மூண்டு வருஷம். வந்தவங்க எல்லாரும் கெட்டவங்க எண்டு சொல்ல மாட்டன். அரிசி தந்தாங்க, கூடாரம் தந்தாங்க, தோணி தந்தாங்க. கடலைக் கலண்டரில மட்டும் கண்டவனுக்கும் தோணி கிடைச்சுது. மறுகா, மனசுக்கு மருந்து போட வந்தாங்க. எங்கட ஒழுங்கையில ஒரு பொடியன். முதல் வந்தவங்க பேப்பரும் கலரும் குடுத்துக் கண்டதைக் கீறு எண்டாங்க. அலையைக் கீறினான், அழுதான். ரெண்டாவது கூட்டத்துக்குக் கீறினான், அழல்ல. மூண்டாவது கூட்டத்திட்ட நீலக் கலர் காணாது எண்டான். நாலாவது கூட்டம் வரக்குள்ள, “பெரிய அலையா வேணும், நடுத்தரமா?” எண்டு கேட்டான். நாலு கூட்டமும் எழுதினது ஒரே வசனம்தான்: புள்ள தேறிட்டான். தேறினது உண்மை. ஆரால எண்டதுதான் வழக்கு. அந்த ரிப்போட்டுகளை எல்லாம் எங்கட வாழைச்சேனைக் கடதாசி ஆலையில அடிச்சிருந்தா அந்த ஆலையாவது பிழைச்சிருக்கும்.

“அப்ப கவுன்சிலிங்கே வேணாமெண்டுறீங்களா?” பொடியனுக்குக் கோபம். “1978 சூறாவளிக்கு எங்களுக்கு ஆர் வந்தது, நாங்க தப்பல்லையா எண்டு எல்லாக் கிழவன்மாரும் சொல்லுற கதைதானே!”

“சொல்லுறவன் தப்பினவன் மகன். தப்பாதவன் வந்து என்னோட குந்தித் தேத்தண்ணி குடிக்க மாட்டான். நான் அந்தக் கதையைச் சொல்லல்ல. உன்ட பெட்டிக்குள்ள வேற என்ன கிடக்கு, வாசி.”

வாசிச்சான். நான் வலையைப் பொத்திக்கொண்டு கேட்டன்.

முதல் ஒண்டு, சுனாமி கையோட நம்மட வடகிழக்கில ஒரு அகதி முகாமில நடந்தது. கத்தானி எண்ட அம்மாவும் கூட்டாளிகளும் 2009இல அச்சில போட்டது. மனவடுப்பட்ட 31 புள்ளைகள். சீட்டுக் குலுக்கிப் போட்டு ரெண்டாப் பிரிச்சிருக்காங்க. ஒரு பகுதிக்கு நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வெச்சு ஆத்துற வைத்தியம், ஆறு தரம். மற்றதுக்குத் தியானமும் உடம்பைத் தளர விடுறதும், அதுவும் ஆறு தரம். ஆறு மாசம் கழிச்சுப் பாத்தா, முதல் பகுதியில நூத்துக்கு 81 பேர் சுகம், மற்றதில 71. கூடக் குறைய எண்டு சொல்ல ஏலாதாம், 31 புள்ளையில அந்த வித்தியாசம் தற்செயலா வரலாம்.

“ரெண்டும் பலிச்சிருக்கு,” எண்டான்.

“ரெண்டு கைக்கும் நூல் கட்டியிருக்கு,” எண்டன். “வெறுங் கை எங்க?”

ஆனா சீட்டுக் குலுக்கினாங்களே, அதுக்கு ஒரு கும்பிடு. அதில கிடக்கு சூட்சுமம். எந்தப் புள்ளைக்குக் குடுக்கிறது எண்டதை மிஸ் தீர்மானிச்சா, மிஸ்ஸுக்குப் பிடிச்ச புள்ள வரும். தாய் தீர்மானிச்சா, கூட்டி வரத் தெம்புள்ள தாயின்ட புள்ள வரும். அதுகள் எப்படியும் கொஞ்சம் முன்னுக்குத்தான் நிக்கும். சீட்டுக்குத்தான் சொந்தக்காரன் இல்ல. எங்கட கரையில பாடு பிரிக்கக்குள்ளயும் இதுதான் முறை. ஆர் முதல் வலை வளைக்கிறது எண்டு சண்டை வந்தா சீட்டு.

ரெண்டாவதை வாசிக்கக்குள்ள நான் ஊசியைக் கீழ வெச்சிட்டன். இது வடக்கில, சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில. டொல் எண்ட ஒல்லாந்துக்காரர், எங்கட மனநல டொக்டர் சிவயோகன், இன்னும் சில பேர் சேர்ந்து செஞ்சு, 2012இல வெளிவந்தது. 1,370 புள்ளைகளைப் பாத்து, அதில 399 பேரைத் தெரிஞ்செடுத்திருக்காங்க. 199 பேருக்கு அஞ்சு கிழமையில பதினைஞ்சு வகுப்பு. மற்ற 200 பேரும் காத்திருக்கிற பட்டியல். வகுப்பு எண்டா என்ன? விளையாட்டு, படம், கதை, மூச்சு.

“இது உன்ட புறஜெக்ட்டின்ட மூத்தப்பன் இல்லையா?”

“ஓம்... அப்படித்தான்.”

“பேரனுக்கு மூத்தப்பன்ட சாதகம் தெரியாதா? வாசி.”

பொடியன் தொண்டையைச் செருமினான். பயம், கவலை, மனவடு, இந்த மூண்டிலயும் மொத்தமாப் பாத்தா வகுப்புக்கு வந்த புள்ளைக்கும் வராத புள்ளைக்கும் வித்தியாசமே இல்ல. குழப்படி மட்டும் குறைஞ்சிருக்கு, அதுவும் சின்னப் புள்ளைகளில கூட. மறுகா உள்ளுக்குப் பிரிச்சுப் பாத்திருக்காங்க. பொடியன்மாருக்கு ஒல்லுப்போல நல்லம். சண்டையின்ட நெருக்கடி குறைஞ்ச புள்ளைகளுக்கு நல்லம். பொம்புளப் புள்ளைகளில? வகுப்புக்கு வந்த புள்ளைகளை விட, வராமக் காத்திருந்த புள்ளைகளுக்கு மனவடு கூடக் குறைஞ்சிருக்கு. தானா ஆறுற புண்ணைச் சில புள்ளைகளில நாங்க கிளறியிருக்கலாம் எண்டு அந்த ஆய்வுக்காரரே எழுதியிருக்காங்க.

அந்த ஒரு வசனத்துக்காக அவங்களை எங்கட வீட்டுக்குக் கூப்பிட்டு நண்டுக் குழம்பு குடுக்கலாம். தன்ட வேலை தோத்த இடத்தைத் தானே எழுதுறவனை நான் இந்தக் கரையில அதிகம் காணல்ல. நான் எழுதுவனா? சந்தையில நான் கிறுகிப் போன கதையை இப்பதானே கேட்டீங்க.

நெருக்கடி குறைஞ்ச புள்ளைக்குத்தான் பலிச்சுது எண்டதை யோசிச்சுப் பாருங்க. எரியிறதை இழுத்தாத்தான் கொதிக்கிறது அடங்கும். பக்கத்து வயலில ஷெல் விழக்குள்ள மூச்சை இழுத்து விடு எண்டு சொல்லிக் குடுத்தா, புள்ள மூச்சை இழுக்கிறதா, பங்கருக்கு ஓடுறதா?

“அது ஒரு ஆய்வுதானே அம்மப்பா,” எண்டான் பொடியன். விட மாட்டான், என்ட ரத்தம். “இதே பதினைஞ்சு வகுப்பை இந்தோனேசியாவில செஞ்சிருக்கு, நேபாளத்தில செஞ்சிருக்கு, புருண்டியில செஞ்சிருக்கு. ஒண்டை வெச்சுச் சொல்ல ஏலாது. எல்லாத்தையும் சேர்த்துப் பாக்கணும். அதுக்குப் பேர் மெட்டா அனலிசிஸ்.”

“மேட்டு அனலா? சேனை சுடுறதா?”

“மெட்டா! அனலிசிஸ்!”

1976இல அமெரிக்காவில ஜீன் கிளாஸ் எண்டவர் வெச்ச பேராம். வேலை அதுக்கும் முந்தினது. 1904இல கார்ல் பியர்சன் எண்ட வெள்ளைக்காரர், நெருப்புக் காய்ச்சலுக்கு ஊசி போட்ட பட்டாளத்துக் கணக்குகளை ஒண்டாச் சேர்த்துப் பாத்தாராம். விளங்கப்படுத்த வந்தவனை நிப்பாட்டி நானே சொன்னன்.

“இண்டைக்கு வாவியில இறால் இருக்கா எண்டு ஒரு தோணிக்காரனிட்டக் கேட்டா, அவன் தன்ட வலைக்கு வந்ததைத்தான் சொல்லுவான். பத்துப் பேரிட்டக் கேட்டா வாவி தெரியும். ஆனா அத்தாங்கு போட்டு ஒரு மணித்தியாலம் நிண்ட பொம்புளையின்ட பேச்சும், விடிய விடிய வலை போட்டவன்ட பேச்சும் ஒரே நிறை இல்ல. கூட நேரம் நிண்டவனுக்குக் கூட நிறை குடுத்துச் சராசரி எடுக்கணும். அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான்,” எண்டான். முகம் தொங்கிட்டு. நாலு வருஷம் கம்பஸில படிச்சதைக் கிழவன் ஒரு பிளேன்டீயில முடிச்சிட்டான் எண்ட கவலை.

“இன்னும் முடியல்ல. அந்தப் பத்துப் பேரில ஒருத்தன் இறால் பிடிக்கப் போனவன், ஒருத்தன் ஓரா பிடிக்கப் போனவன், ஒருத்தன் மச்சாளைப் பாக்கப் போனவன் எண்டா?”

பழைய ஓட்டமாவடிப் பாலம் ஞாபகமிருக்கா உங்களுக்கு? ரயிலும் பஸ்ஸும் சைக்கிளும் மாடும் ஒரே பாலத்தால போன காலம். ரயில் வந்தா மற்ற எல்லாம் நிக்கணும். போறது வாறது எல்லாத்தையும் ஒண்டா எண்ணி, ‘சராசரி வாகனத்துக்கு மூண்டு சில்லு’ எண்டு ஒருத்தன் எழுதினா கணக்குப் பிழையில்ல. அப்படியொரு வாகனம் அந்தப் பாலத்தால போனதில்ல, அவ்வளவுதான்.

இந்தோனேசியாவில பொம்புளப் புள்ளைகளுக்கு நல்லம் கூடவாம். நேபாளத்தில பொடியன்மாரின்ட முரட்டுத்தனம் குறைஞ்சுதாம், பொம்புளப் புள்ளைகள் மற்றவங்களோட அன்பாப் பழகக் கூடினதாம். புருண்டியில மொத்தத்தில ஒண்டுமில்ல. ஒரே வலை, நாலு கடல், நாலு விதமான மீன். சேர்த்தா என்ன வரும்?

2018இல சேர்த்திருக்காங்க. புர்காட்டோ எண்ட அம்மாவும் கூட்டாளிகளும். போராலயும் அழிவாலயும் அடிபட்ட நாடுகளில நடந்த 11 ஆய்வு, 3,143 புள்ளைகள். அதில ஒரு நல்ல வேலை செஞ்சிருக்காங்க: ஒவ்வொரு தோணியின்ட மொத்த நிறையைக் கேக்காம, ஒவ்வொரு மீனையும் தனித்தனிய வாங்கி நிறுத்திருக்காங்க. அதாவது ஒவ்வொரு புள்ளையின்ட புள்ளியையும் கேட்டு வாங்கிச் சேர்த்திருக்கு. மனவடுவில வந்த முடிவு 0.33.

“புள்ளி மூண்டு மூண்டு எண்டா எத்தினை முடிச்சு?”

பொடியன் கணக்குப் போட்டுச் சொன்னான். வகுப்புக்கு வராத நூறு புள்ளையைச் சுகத்தின்ட வரிசைப்படி நிப்பாட்டினா, வகுப்புக்கு வந்த நடுத்தரமான புள்ள அந்த வரிசையில 63 பேரை முந்தி நிக்கும். வகுப்பால ஒரு பிரயோசனமும் இல்லையெண்டா 50 பேரை முந்தும். ஆக அம்பதுக்கும் அறுபத்து மூண்டுக்கும் இடையில கிடக்கு முழு ஜீப்பும். சும்மா இல்ல, வெறும் நூலை விடக் கூட. ஆனா பச்சைக் கம்பு காட்டின இறக்கமும் இல்ல. சில மாசம் கழிச்சுப் பாத்தா 0.21ஆ இறங்கிட்டாம். 15 இலிருந்து 18 வயசுப் புள்ளைகளுக்கும், ஊரை விட்டு இடம்பெயராத புள்ளைகளுக்கும், சின்னக் குடும்பத்துப் புள்ளைகளுக்கும் பலன் கூடவாம்.

“பாத்தியா, நம்மட நாட்டு ஆய்வில சின்னதுகளுக்கு நல்லம் எண்டது. சேர்த்த கணக்கில பெரிசுகளுக்கு நல்லம் எண்டுது. ஆர் பொய்?”

அவன் யோசிச்சான். நல்லா யோசிச்சான், பிளேன்டீ ஆறிட்டு. பிறகு சொன்னான்: “ரெண்டும் பொய்யில்ல. சின்னதுகளில குறைஞ்சது குழப்படி. பெரிசுகளில குறைஞ்சது மனவடு. அளந்த சாமான் வேற.”

சபாஷ் எண்டு சொல்லல்ல, சொன்னா கெட்டுப் போவான். வலை ஊசியை எடுத்துக் குடுத்து ஒரு கண்ணி பொத்தச் சொன்னன்.

கிளினிக்கில மிட்வைஃப் மிஸ் புள்ளைகளின்ட வாயில விடுறாவே விற்றமின் ஏ, அதின்ட கதை இன்னும் ருசி. அதையும் அவன்தான் சொன்னான். மதுரை அரவிந்த் ஆஸ்பத்திரி டொக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் கூட்டாளிகளும் திருச்சி மாவட்டத்தில 15,419 சின்னப் புள்ளைகளைச் சீட்டுப்படி பிரிச்சு, கிழமைக்கு ஒருக்கா ஒரு சொட்டு. ஒரு பகுதிக்கு விற்றமின் ஏ உள்ளது, மற்றதுக்கு இல்லாதது. எது எதெண்டு குடுக்கிறவங்களுக்கும் தெரியாது. ஒரு வருஷம். விற்றமின் ஏ கிடைச்ச பக்கத்தில சாவு பாதிக்கும் கீழ இறங்கிட்டு. 1990இல வந்த செய்தி. அதே வருஷம் ஐதராபாத்தில இருந்து இன்னொரு ஆய்வு. ஆறு மாசத்துக்கு ஒருக்காப் பெரிய அளவில குடுத்தது. சாவில வித்தியாசமே இல்ல.

ரெண்டும் நம்மட பக்கத்து நாடு, ரெண்டும் சத்துக் குறைஞ்ச புள்ளைகள். எதை நம்புறது? அந்த நேரத்தில் நடந்த எட்டு ஆய்வைச் சேர்த்து 1993இல கணக்குப் போட்டாங்க. நூத்துக்கு 23 சாவு குறையும் எண்டு வந்துது. உலகம் முழுக்கச் சொட்டு விடத் தொடங்கினது அந்தப் பலத்தில. மறுகா உத்தரப் பிரதேசத்தில ஒரு பெரிய ஆய்வு, பத்து லட்சம் புள்ளைகள், அஞ்சு வருஷம். 2013இல முடிவு வெளிவந்துது. நூத்துக்கு நாலு. அதுவும் தற்செயலோ எண்டு சந்தேகம். சொட்டு உள்ளபடி எல்லாப் புள்ளைக்கும் போய்ச் சேர்ந்துதா எண்டு அடிபாடு கிளம்பிட்டு.

இப்பதான் பகிடி. 2017இல, ஆய்வுகளைக் கூட்டிப் பாக்கிற கொக்ரேன் அமைப்புக்காரர் எல்லாத்தையும் திரும்பச் சேர்த்தாங்க. பன்னிரண்டு லட்சம் புள்ளைகள். அதில பத்து லட்சம் உத்தரப் பிரதேசத்துப் பெரிய கப்பலில வந்தது, மிச்சம் சின்னத் தோணிகள். நிறைக்கு மரியாதை குடுத்துச் சேர்த்தா, கப்பல் மற்ற எல்லாரையும் தன்ட பக்கம் இழுத்துப்போடும். சாவு 12 வீதம் குறையுது. ஒவ்வொரு கடலுக்கும் ஒவ்வொரு மீன் இருக்கலாம் எண்டு நினைச்சுச் சின்னத் தோணிக்கும் இடம் விட்டுச் சேர்த்தா, 24 வீதம். அதே மீன், அதே தராசு, கூட்டுற முறை மட்டும் வேற. போடியார் வந்த கூட்டத்தில கையுயர்த்தி முடிவெடுக்கிறதுக்கும், வீட்டுக்கு ஒரு சீட்டு எழுதிப் போடுறதுக்கும் உள்ள வித்தியாசம்.

“அப்ப சொட்டு விடுறதா, இல்லையா?” எண்டு கேட்டான் பொடியன்.

“பன்னிரண்டு எண்டாலும் புள்ளைதானே சாகாம இருக்குது! உன்ட அக்காட புள்ளைக்கு அடுத்த கிளினிக் எப்ப?”

இந்தக் கூட்டல் வேலையை நக்கலடிக்கிறதா நீங்க நினைக்கப்படாது. கூட்டாம விட்டதால நடந்த கதை ஒண்டும் கிடக்கு. அந்தக் கொக்ரேன் எண்ட பெயர்க்காரர், பிரித்தானியாவில டொக்டர். 1979இல, ஆய்வுகளை ஒழுங்காச் செஞ்சு பயன்படுத்தாத துறை எது எண்டு பாத்து, பிரசவ வைத்தியத்துக்கு மர அகப்பை பரிசு குடுத்தவர். சட்டியில இருக்கிறது அகப்பையில வராத துறைக்கு அகப்பை! அவர்ட பெயரில நடக்கிற அமைப்பின்ட முதல் சின்னத்தைப் பொடியன் காட்டினான். வட்டத்துக்குள்ள ஏழு கோடு, கீழ ஒரு வைரக்கல்லு. ஏழு கோடும் ஏழு ஆய்வு. மாசம் காணாமப் பிறக்கப்போற புள்ளைக்காகத் தாய்க்குப் போடுற ஸ்டெரோயிட் ஊசி. நியூசிலாந்தில லிகின்ஸ் எண்டவர் செம்மறி ஆட்டில கண்டுபிடிச்சு, ஹோவி எண்டவரோட சேர்ந்து 1972இல தாய்மாரில செஞ்சு காட்டினார், குஞ்சுப் புள்ளைகள் மூச்சுத் திணறாமத் தப்பினதுகள். பிறகும் ஆய்வு, பிறகும் ஆய்வு. ஒவ்வொண்டும் சின்னன், சிலதுகள் தனியப் பாத்தா ஒண்டும் உறுதியாச் சொல்லாது. 1989 வரைக்கும் ஆரும் ஒழுங்காக் கூட்டிப் பாக்கல்ல. கூட்டினா வைரம் நல்ல பக்கம் விழுந்து கிடக்கு. அந்தப் பதினேழு வருஷத்தில ஊசி கிடைக்காமப் போன குஞ்சுகளை நினைச்சு, நான் வலையைப் பொத்துற கையை நிப்பாட்டிட்டன். மனுசி வந்து என்ன, முள்ளுக் குத்திட்டா எண்டு கேட்டா.

ஓம் எண்டன்.

ஆனா கூட்டுறதுக்கு முதல் ஒண்டு கேக்கணும்: கரைக்கு வராத மீன் எங்க? வெறும் வலையோட வந்த தோணிக்காரன் சந்தைக்குப் போக மாட்டான், வீட்டுக்குப் போய்ப் படுத்திருவான். சந்தையில நிண்டு எண்ணுறவனுக்கு எல்லாத் தோணியிலயும் மீன். பலிக்காத ஆய்வும் அப்படித்தான், லாச்சிக்குள்ள கிடக்கும். மட்டக்களப்பான் வந்தவனைப் பாயோட ஒட்ட வெச்சிருவான் எண்டு நாடு முழுக்க நமக்கொரு பேர். ஒட்டினவன் இங்க கலியாணம் முடிச்சு இருக்கிறான், கண்ணுக்குத் தெரியுது. ஒட்டாமப் போய்ச் சேர்ந்தவனை ஆர் எண்ணினது?

பொடியன் லேப்டொப்பை மூடினான். “அப்ப என்ட ரிப்போட்டுக்கு நான் என்ன செய்யிற?”

“கல்குடா வலயத்தில எத்தினை பள்ளிக்கூடம் கேட்டு நிக்குது உங்களுக்கு?”

“கன பள்ளிக்கூடம். எல்லாத்துக்கும் ஒரே நேரத்தில போக ஆள் இல்ல.”

“எல்லாருக்கும் காணாத சாமானைப் பிரிக்கத்தானே சீட்டு! பேரை எழுதிச் சட்டிக்குள்ள போட்டுக் குலுக்கு. பாதிக்கு இந்தத் தவணை, பாதிக்கு அடுத்த தவணை. ரெண்டு பாதிக்கும் இப்ப புள்ளி போடு, முடியவும் போடு, பிறகும் போடு. புள்ளி போடுறவனுக்கு எந்தப் பள்ளிக்கூடம் எது எண்டு சொல்லாத. பொம்புளப் புள்ளைகளைத் தனியப் பார். எதைப் பாக்கப் போறன் எண்டதைத் தொடங்க முதலே எழுதி ஒரு ஆளிட்டக் குடுத்து வை. இல்லாட்டி எய்து போட்டு, அம்பு விழுந்த இடத்தில வட்டம் கீறுவாய். பலிக்கல்ல எண்டாலும் எழுதி அனுப்பு. எங்கயோ ஒருத்தன் கூட்டுறதுக்குக் காத்திருப்பான்.”

“பலிக்கல்ல எண்டு எழுதினா அடுத்த வருஷம் காசு வராது, அம்மப்பா.”

“எனக்கும்தான் தேங்காய் வராது.”

இந்த இடத்தில படலையடியில ஒரு பொம்புளை. பேத்தாழைப் பக்கம். இடுப்பில ரெண்டு வயசுப் புள்ள, மூக்கால வடியுது, விக்கி விக்கி அழுகுது. நாலு நாளா ராவில நித்திரை இல்லையாம், பக்கத்து வீட்டில வெடி கொளுத்தினதில பயந்திட்டாம். பொடியன் என்னைப் பாக்கிறான். நான் பொடியனைப் பாக்கிறன். அவன்ட கண்ணில ஒரு சிரிப்பு ஊருது. அதை நான்தான் இவ்வளவு நேரமும் வளர்த்துவிட்டது.

“மகன்,” எண்டன், “சில்லறை இருக்கா?”

அஞ்சு ரூபாக் குத்தியை எடுத்து நீட்டினான். “தலை விழுந்தாக் கட்டுறது, பூ விழுந்தாக் கட்டாம ரெண்டு கிழமை பாக்கிறது. சுண்டு.”

“என்ன ஐயா இது?” தாய் பதறிட்டா. “புள்ளைக்கு நூல் கட்டக் காசு சுண்டுறீங்க?”

“கணக்குப் பாக்கிறம் புள்ள.”

“கணக்கை நாளைக்குப் பாருங்க. நான் நாலு நாளாக் கண் மூடல்ல.”

அவவின்ட கண்ணுக்குக் கீழ கறுத்துக் கிடந்துது. நான் காசை வாங்கிப் பொடியன்ட சேட்டுப் பைக்குள்ள திரும்பப் போட்டன். மனுசியைக் கூப்பிட்டு அவவுக்கொரு பிளேன்டீ ஊத்தச் சொல்லி, நிழலில பாயைப் போட்டு ஒல்லுப்போல சரியச் சொன்னன். புள்ளையை மடியில வாங்கினன். கறுத்த நூலை மஞ்சளில தோய்ச்சன். தாய் பாயில சாய்ஞ்ச உடனே நித்திரை. புள்ள தாயின்ட முகத்தையே பாத்துக்கொண்டு, மெள்ள மெள்ள விக்கலை நிப்பாட்டிட்டு. நான் மூண்டாவது முடிச்சுத்தான் போட்டிருந்தன்.

“அம்மப்பா,” எண்டான் பொடியன் காதுக்குள்ள, “பலிச்சது நூலா, பாயா?”

“சத்தம் போடாத, ரெண்டும் எழும்பிரும்,” எண்டு சொல்லிட்டு மிச்சம் நாலு முடிச்சையும் போட்டன்.